நான்கு குரல் ஹார்மனி: விதிகளில் சிக்காமல் எழுதிப் பழகும் வரிசை

மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் 5-ஆம் கிரேடு தியரி வரை சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். ஒரு மெட்டைக் கொடுத்து நான்கு குரலுக்கு ஹார்மனி, அதாவது மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் மற்ற மூன்று குரல்களை, எழுதச் சொன்னதும் நின்றுவிடுகிறார்கள். நோட்டைப் புரட்டினால் விதிகளெல்லாம் வரிசையாக இருக்கும்: பேரலல் ஃபிஃப்த் (இரு குரல் ஃபிஃப்த் இடைவெளியோடே சேர்ந்து நகர்வது) கூடாது, லீடிங் நோட்டை (ஸ்கேலின் 7-ஆம் ஸ்வரத்தை) இரண்டு குரலுக்குக் கொடுத்து இரட்டிக்கக் கூடாது, குரல்கள் குறுக்கே போகக் கூடாது. எல்லாம் தெரிந்திருந்தும் அடுத்த ஸ்வரத்தை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியாது.

அந்தப் பட்டியல் எழுதி முடித்ததைச் சரிபார்க்கப் பயன்படும். எழுதுவதற்கு அது போதாது. எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற வரிசை வேண்டும். வரிசை சரியாக இருந்தால் பாதி விதிகள் மீறப்படும் சந்தர்ப்பமே வராது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். எல்லாம் சி மேஜரில். ஒரே சின்ன மெட்டை எடுத்து முடிவு வரை கொண்டுபோவோம்.

1. தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

எந்த ஸ்வரத்தைச் சொன்னாலும் அதன் மேல் அமையும் மூன்று ஸ்வர கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) யோசிக்காமல் சொல்ல வர வேண்டும். டி என்றால் டி-எஃப்-ஏ, ஜி என்றால் ஜி-பி-டி. டி-எஃப்-ஏ-வில் டி ரூட், எஃப் தேர்ட், ஏ ஃபிஃப்த்; ரூட்டிலிருந்து எண்ணும்போது மூன்றாவதும் ஐந்தாவதும் என்பதால் அந்தப் பெயர், இடைவெளிகளுக்கும் அதே பெயர்தான். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர் ஹார்மனிக்கு இன்னும் தயாராகவில்லை. எண்ணுவதிலேயே கவனம் தீர்ந்துவிடும், குரல்கள் எங்கே போகின்றன என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பழகுங்கள்.

தலைகீழாகவும் வர வேண்டும். சி என்ற ஸ்வரம் எந்தெந்த கார்டுகளில் வரும்? சி மேஜரில் 1, 4, 6 ஆகிய மூன்றில் (ஸ்கேலின் எத்தனையாவது ஸ்வரத்தின் மேல் அமைகிறதோ அதுவே கார்டின் எண்). மெட்டுக்கு கார்ட் தேடும்போது இந்தத் தலைகீழ்க் கணக்குதான் வேண்டியிருக்கும். புத்தகங்கள் இதற்குப் பயிற்சி தருவது குறைவு.

பேஸ் கிளெஃப், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை எழுதும் குறியீடு, தடுமாறாமல் படிக்க வர வேண்டும். கிட்டார், பாட்டுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இங்கேதான் பின்தங்குகிறார்கள்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், ஹார்மானிக் மைனர் கீரவாணியின் ஸ்வரங்கள். ஸ்கேலின் எத்தனையாவது ஸ்வரம் என்று பாடிப் பார்த்துக் கண்டுபிடிக்க இது நன்றாக உதவும். ஆனால் கார்ட் மாறும்போதெல்லாம் அதன் ரூட்டை ‘ச’ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ச கடைசி வரை சி-தான். ப மேல் ஒரு கார்ட், ம மேல் ஒரு கார்ட் என்றுதான் பார்க்க வேண்டும்.

கருவிகளில் கீபோர்டு ஒன்று, ஸ்டேவ் தாள் (ஐந்து கோட்டு இசைத் தாள்), பென்சில், ரப்பர் போதும். மியூஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருள் இலவசம், எழுதியதை வாசித்தும் காட்டும். ஆனாலும் முதலில் கையால் எழுதுங்கள்.

2. விதிகளை மூன்று காரணங்களுக்குள் அடக்குங்கள்

முப்பது நாற்பது விதி போலத் தோன்றும். கேட்டுப் பார்த்தால் மூன்றே காரணம்தான்.

முதலாவது, பாடுகிறவருக்கு வசதி. குரலின் எல்லை, பெரிய தாவல்கள், பாடக் கடினமான இடைவெளிகள் பற்றிய விதிகள் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, நான்கு குரலும் நான்காகவே கேட்க வேண்டும். பேரலல் ஃபிஃப்த், பேரலல் ஆக்டேவ் விதிகள் இங்கிருந்து வருபவை. ஆக்டேவில் (சி-யிலிருந்து அடுத்த சி வரை) அதிர்வெண் விகிதம் 1:2, ஃபிஃப்தில் 2:3. இவ்வளவு எளிய விகிதத்தில் உள்ள இரு ஸ்வரங்கள் காதில் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டு குரல் இந்த இடைவெளியைக் கலைக்காமல் சேர்ந்தே நகர்ந்தால், அந்தக் கணத்துக்கு நான்கு குரல் மூன்றாகிவிடும்.

மூன்றாவது, சில ஸ்வரங்களுக்குப் போக வேண்டிய திசை உண்டு. 7-ஆம் ஸ்வரமான பி மேலே சி-க்குப் போகத் துடிக்கும். காகலி நிஷாதத்தைப் பாடி நிறுத்திப் பாருங்கள், புரியும். ரூட்டிலிருந்து எண்ணி ஏழாவதாக வரும் ஸ்வரத்தையும் சேர்த்தால் செவன்த் கார்ட்; அந்த ஏழாவது ஸ்வரம் கீழே இறங்கும்.

இனி எந்த விதியைப் படித்தாலும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிந்த விதி மறக்காது. அது எங்கே செல்லாது என்பதும் விளங்கிவிடும். வயலினும் புல்லாங்குழலும் ஒரே மெட்டை ஆக்டேவில் வாசித்தால் யாரும் குறை சொல்வதில்லை. அங்கே இரண்டு தனிக் குரல் என்ற எண்ணமே இல்லை. ஒரே வரியைக் கனமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் மாணவர்களிடம் நான் கவனித்த ஒன்று: பேரலல் ஃபிஃப்தை வாசித்துக் காட்டினால் “நல்லாத்தானே சார் இருக்கு” என்பார்கள். தம்பூராவின் ச-ப கேட்டே வளர்ந்த காது அது. ஃபிஃப்த் ஒலித்தால் இதமாகத்தான் இருக்கும். எனவே “காதுக்கு நன்றாக இல்லை” என்பதைக் காரணமாகச் சொன்னால் எடுபடாது. வேறு விதமாகக் கேளுங்கள்: நான்கு குரலையும் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறதா, அல்லது ஒன்று காணாமல் போகிறதா? அந்தக் கேள்வியோடு கேட்டால் தெரிந்துவிடும்.

3. முதலில் ஒரே ஒரு கார்ட்

இரண்டு கார்டை இணைப்பதற்கு முன்னால், ஒரு கார்டை நான்கு குரலுக்குப் பங்கிடப் பழக வேண்டும். நடு சி-யை சி4 என்று வைத்துக்கொண்டால் (எண் எந்த ஆக்டேவ் என்பதைக் குறிக்கும்) குரல் எல்லைகள் ஏறக்குறைய இவை:

சொப்ரானோ: சி4 முதல் ஜி5 வரை
ஆல்டோ: ஜி3 முதல் சி5 வரை
டெனர்: சி3 முதல் ஜி4 வரை
பேஸ்: எஃப்2 முதல் சி4 வரை

சொப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் நடுவிலும், ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவிலும் ஒரு ஆக்டேவுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மேல் மூன்று குரலும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதுதான் காரணம். டெனருக்கும் பேஸுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, பேஸ் தனியே கீழே நிற்கலாம்.

மூன்று ஸ்வரம், நான்கு குரல். ஏதோ ஒன்று இருமுறை வர வேண்டும். ரூட் பேஸில் இருந்தால் ரூட்டையே இரட்டியுங்கள். முதல் இன்வர்ஷனில், அதாவது கார்டின் தேர்ட் பேஸில் இருக்கும்போது, பேஸ் ஸ்வரத்தை விட்டு மற்ற இரண்டில் ஒன்றை இரட்டிப்பது பாதுகாப்பு. லீடிங் நோட்டை எந்த நிலையிலும் இரட்டிக்க வேண்டாம். இரண்டு பி-யும் சி-க்குத்தான் போகப் பார்க்கும், போனால் பேரலல் ஆக்டேவ்.

இட நெருக்கடியில் ஏதாவது ஒன்றை விட வேண்டியிருந்தால் ஃபிஃப்தை விடலாம். தேர்டை விடவே கூடாது. மேஜரா மைனரா என்று சொல்வதே அதுதான்.

ஒரு சி மேஜர் கார்டையே பல விதமாக எழுதி, ஒவ்வொன்றையும் வாசித்துப் பாருங்கள். கீழே ஸ்வரங்கள் நெருங்கினால் ஒலி கலங்குவதும், மேலே விலகினால் ஓட்டை விழுவதும் கைக்கும் காதுக்கும் ஒருசேரத் தெரியும்.

4. அடுத்தது, இரண்டே கார்ட்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள். முழு மெட்டுக்குப் போகாமல் இரண்டிரண்டு கார்டாக இணைத்துப் பழகுங்கள். ரூட் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வகை.

ரூட் ஃபோர்த் அல்லது ஃபிஃப்த் நகர்ந்தால் (1-4, 1-5, 2-5) இரண்டு கார்டுக்கும் ஒரு ஸ்வரம் பொது. அதை அதே குரலில் நிறுத்துங்கள், மற்றவை பக்கத்து ஸ்வரத்துக்கு நகரட்டும்.

ரூட் தேர்ட் நகர்ந்தால் (1-6) இரண்டு ஸ்வரம் பொது. இரண்டையும் நிறுத்திவிட்டு மூன்றாவதை மட்டும் நகர்த்தினால் போதும்.

ரூட் பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்ந்தால் (4-5, 5-6) பொது ஸ்வரம் எதுவும் இல்லை. ஆபத்தான இடம் இதுதான். பேஸ் ஏறினால் மேல் மூன்றும் இறங்க வேண்டும். 4-5-இல் பேஸ் எஃப்-இலிருந்து ஜி-க்கு ஏறும்போது சி பி-க்கும், ஏ ஜி-க்கும், எஃப் டி-க்கும் இறங்கும். 5-6-இல் ஒரு விலக்கு: லீடிங் நோட்டான பி மட்டும் சி-க்கு ஏறட்டும், மற்ற இரண்டும் இறங்கட்டும். முடிவில் ஏ மைனர் கார்டில் சி இரட்டித்திருக்கும். ரூட்டை இரட்டிக்கச் சொன்ன விதிக்கு முரண்படுகிறதே என்று கவலைப்படாதீர்கள், இந்த இடத்துக்கு அதுதான் சரி.

கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலது கை ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு எஃப்-இலிருந்து ஜி-க்கு அப்படியே நகர்ந்து பழகியிருக்கும். அதைக் காகிதத்தில் இறக்கினால் மூன்று குரலும் பேரலலாகப் போகும். பல பேரின் தாளில் சிவப்பு வட்டம் விழக் காரணம் இந்தப் பழக்கம்தான், விதி தெரியாததல்ல.

5. மெட்டு வந்ததும் முடிவிலிருந்து தொடங்குங்கள்

இதோ நம் மெட்டு. 4/4 தாளம், இரண்டு பார் (ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை).

முதல் பார்: சி5, டி5, ஈ5, சி5
இரண்டாம் பார்: டி5, பி4, சி5 (கடைசி ஸ்வரம் இரண்டு எண்ணிக்கை)

புதியவர்கள் முதல் ஸ்வரத்துக்கு நான்கு குரலும் எழுதி, பிறகு இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு என்று போவார்கள். இரண்டாம் பாரில் மூலையில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அழிப்பார்கள். அப்படிப் போகாதீர்கள். முடிவில் எந்த கேடன்ஸ் (வரியை முடித்துவைக்கும் கார்ட் ஜோடி) வருகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். வந்து சேரும் இடம் தெரிந்தால்தான் வழி தெரியும்.

டி-பி-சி என்று முடியும் மெட்டுக்கு 5-1, அதாவது பெர்ஃபெக்ட் கேடன்ஸ் கச்சிதமாகப் பொருந்தும். பி-க்கு 5, சி-க்கு 1. அதற்கு முந்திய டி-க்கு 2-ஆம் கார்டின் முதல் இன்வர்ஷன். அப்போது பேஸில் எஃப் வரும், எஃப்-ஜி-சி என்று நல்ல நடை கிடைக்கும்.

தொடக்கத்து சி-க்கு 1. இப்போது நடுவே மூன்று ஸ்வரம்தான் மிச்சம். ஒவ்வொன்றின் கீழும் சாத்தியமான கார்டுகளை எழுதுங்கள்: டி-க்கு 2, 5, 7, ஈ-க்கு 1, 3, 6, சி-க்கு 1, 4, 6. தொடக்க நிலையில் 3, 7 இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள், அவற்றுக்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

எது எதற்குப் பின்னால் வரலாம்? 1-இலிருந்து எங்கும் போகலாம். 6-இலிருந்து 2 அல்லது 4. அந்த இரண்டிலிருந்தும் 5. 5-இலிருந்து 1, எப்போதாவது 6. சினிமாப் பாட்டிலும் ப்ளூஸிலும் 5-க்குப் பின் 4 தாராளமாக வரும். தேர்வில் கேட்கும் இந்தப் பாணியில் வேண்டாம்.

ஆக, டி-க்கு 5, ஈ-க்கு 1. அடுத்த சி-க்கு 4 அல்லது 6. 4 போட்டால் பேஸ் எஃப், அடுத்த பாரின் முதல் எண்ணிக்கையிலும் பேஸ் எஃப். பார் கோட்டைத் தாண்டும்போது பேஸ் அசையாமல் நின்றால் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழாது. எனவே 6.

கிடைத்த வரிசை: 1, 5, 1, 6, 2, 5, 1. இதுவரை ஒரு உள்குரல்கூட எழுதவில்லை. எழுதவும் கூடாது.

6. பேஸ் வரியை ஒரு மெட்டாக எழுதுங்கள்

மேலே சொப்ரானோ, கீழே பேஸ். கேட்பவர் காதில் முதலில் விழுவது இந்த இரண்டும்தான். இவை சேர்ந்து நன்றாக ஒலித்தால் நடுவே நிரப்புவது எளிது. இவை மோசமாக இருந்தால் நடுக் குரல்களால் காப்பாற்ற முடியாது.

மெட்டு சி-டி-ஈ என்று ஏறுகிறது. புதியவர்கள் பலர் பேஸிலும் சி-டி-ஈ என்றே எழுதுவார்கள். மேலும் கீழும் ஒரே வரி, இரண்டு பேரலல் ஆக்டேவ். அடுத்த யோசனை, இரண்டாவது ஸ்வரத்துக்கு 5-ஆம் கார்டின் ரூட்டான ஜி. தவறில்லை. ஆனால் சி-ஜி-சி என்று தொடக்கத்திலேயே முடிவின் ஓசையைச் செலவழித்துவிட்டால் கடைசி 5-1 எடுபடாது. ரூட் நிலையில் 5-1 வருவதைக் கேடன்ஸுக்குச் சேமித்து வையுங்கள், நடுவில் இன்வர்ஷன்.

எனவே 5-ஆம் கார்டின் முதல் இன்வர்ஷன், பேஸில் பி2. மெட்டு ஏறும்போது பேஸ் இறங்குகிறது. அடுத்து லீடிங் நோட் தானாக சி3-க்கு ஏறுகிறது. பிறகு 6-க்கு ஏ2, 2-இன் முதல் இன்வர்ஷனுக்கு எஃப்2, 5-க்கு ஜி2, முடிவில் சி3.

பேஸ்: சி3, பி2, சி3, ஏ2, எஃப்2, ஜி2, சி3

இதைத் தனியாகப் பாடிப் பாருங்கள். பாட்டாக வந்தால் சரி. பிறகு மெட்டை வாசித்துக்கொண்டே பேஸைப் பாடுங்கள். சர்ச் கொயரில் ஆல்டோவோ டெனரோ பாடியவர்களுக்கு இது கைவந்த கலை. மற்றவர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

7. இப்போது நடுக் குரல்கள்: எங்கே வழுக்கும் என்று பார்ப்போம்

முடிந்த வடிவத்தை முதலில் தருகிறேன். ஒவ்வொரு வரியிலும் பேஸ், டெனர், ஆல்டோ, சொப்ரானோ என்ற வரிசை.

முதல் கார்ட்: சி3, ஈ4, ஜி4, சி5
இரண்டாவது: பி2, டி4, ஜி4, டி5
மூன்றாவது: சி3, சி4, ஜி4, ஈ5
நான்காவது: ஏ2, ஈ4, ஏ4, சி5
ஐந்தாவது: எஃப்2, டி4, ஏ4, டி5
ஆறாவது: ஜி2, டி4, ஜி4, பி4
ஏழாவது: சி3, ஈ4, ஜி4, சி5

ஆல்டோவைத் தனியாகப் படியுங்கள்: ஜி, ஜி, ஜி, ஏ, ஏ, ஜி, ஜி. ஆல்டோ பாடுகிறவருக்குக் கொட்டாவி வரும். வரட்டும். பொது ஸ்வரம் உள்ள இடங்களில் அசையாமல் நிற்பதுதான் அதன் வேலை. நடுக் குரலை அழகாக்கப் போய் வழுக்குபவர்கள் அதிகம்.

இரண்டாவது கார்டில் பி பேஸில் இருக்கிறது, அது லீடிங் நோட். ஆகவே டி-யை இரட்டித்தோம்.

அடுத்ததுதான் முதல் பொறி. டெனர் டி4-இல் இருக்கிறது. முன்பு ஈ4-இல் இருந்தது, திரும்ப ஈ4-க்கே போவது இயல்பாகத் தோன்றும். தனியாகப் பார்த்தால் ஈ-டி-ஈ அழகான வரியும்கூட. ஆனால் மேலே சொப்ரானோவும் அதே நேரத்தில் டி5-இலிருந்து ஈ5-க்குப் போகிறது. பேரலல் ஆக்டேவ். மாணவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துக் குரல்களை ஒப்பிடுகிறார்கள். நடுவே ஆல்டோ இருப்பதால் சொப்ரானோவையும் டெனரையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. டெனரை சி4-க்கு இறக்கினால் தீர்ந்தது. ரூட்டும் இரட்டிக்கிறது.

மூன்றிலிருந்து நான்கு, இரண்டாவது பொறி. 1-இலிருந்து 6, இரண்டு பொது ஸ்வரம், நிறுத்திவிட வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் மெட்டு ஈ5-இலிருந்து சி5-க்குத் தாவிவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டிய ஈ-யை சொப்ரானோ விட்டுவிட்டது. டெனரை மட்டும் சி4-இல் நிறுத்தி ஆல்டோவை ஏ4-க்கு ஏற்றினால் ஏ, சி, ஏ, சி. ஈ எங்கும் இல்லை. குற்றமில்லை, ஒலி வெறுமையாக இருக்கும். சரி, ஆல்டோவை ஈ4-க்கு இறக்குவோம் என்றால், பேஸ் சி-யிலிருந்து ஏ-வுக்கும் ஆல்டோ ஜி-யிலிருந்து ஈ-க்கும் இறங்கி பேரலல் ஃபிஃப்த். டெனரை ஏ3-க்கு இறக்கினால் பேஸோடு பேரலல் ஆக்டேவ். மூன்று வழியும் அடைபட்டது போலத் தெரியும்.

வழி மேலே இருக்கிறது. பேஸும் சொப்ரானோவும் இரண்டுமே இறங்குகின்றன. ஆக நடுக் குரல்கள் இரண்டும் ஏறட்டும். டெனர் சி4-இலிருந்து ஈ4, ஆல்டோ ஜி4-இலிருந்து ஏ4. கார்ட் முழுமையாகிறது, எந்த ஜோடியும் இடிக்கவில்லை. மாட்டிக்கொண்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வெளிக் குரல்கள் எந்தத் திசையில் போகின்றன, நடுவை எதிர்த் திசையில் அனுப்ப முடியுமா?

மீதியில் சிக்கல் இல்லை. ஆறாவது கார்டில் பேஸ் ஏற, சொப்ரானோவும் ஆல்டோவும் இறங்குகின்றன, டெனர் டி4-இலேயே நிற்கிறது. ஏழாவதில் பி சி-க்கு ஏறுகிறது. அந்த இடத்தில் சொப்ரானோவும் பேஸும் ஒரே திசையில் ஏறி ஆக்டேவில் சந்திக்கின்றனவே, மறைந்த ஆக்டேவ் அல்லவா என்று கேட்கலாம். சொப்ரானோ தாவாமல் பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்வதால் அது அனுமதிக்கப்பட்டது.

8. சரிபார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

நான்கு குரலில் ஆறு ஜோடி உண்டு. ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு நகர்விலும் பார்த்தால் கண் பூத்துவிடும், தேர்வில் நேரமும் இருக்காது. ஒவ்வொரு கார்டிலும் எந்த ஜோடி ஃபிஃப்தாகவோ ஆக்டேவாகவோ நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள். அடுத்த கார்டிலும் அதே ஜோடி அதே இடைவெளியில் நின்றால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். இப்படிச் செய்தால் வேலை கால்வாசியாகிவிடும்.

இதில் இரண்டு குழப்பம் அடிக்கடி வரும். இரண்டு குரலும் அசையாமல் நின்றால் அது பேரலல் அல்ல, நகர்ந்தால்தான் கணக்கு. எதிரெதிர்த் திசையில் நகர்ந்து ஃபிஃப்திலிருந்து ட்வெல்ஃப்துக்கு (ஆக்டேவ் கூடிய ஃபிஃப்துக்கு) போனால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், அதுவும் பிழைதான்.

பேரலல் முடிந்ததும் இரண்டு கேள்வி: எல்லா லீடிங் நோட்டும் எங்கே போயின? எந்த கார்டிலாவது தேர்ட் விடுபட்டதா? நடுக் குரலில் உள்ள லீடிங் நோட் சி-க்கு ஏறாமல் ஜி-க்கு இறங்குவதை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோரல்களில் (நான்கு குரல் தேவாலயப் பாடல்களில்) நிறையப் பார்க்கலாம், கடைசி கார்டை முழுமையாக்க அவர் அப்படிச் செய்வார். சொப்ரானோவில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள், காதில் பட்டென்று தெரியும்.

கடைசியாக ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடுங்கள். பாட வராத இடம் பெரும்பாலும் பிழை உள்ள இடம்.

9. மைனருக்குப் போகும்போது

மேஜரில் கை படிந்த பிறகே இங்கே வாருங்கள். ஏ மைனரில் 5-ஆம் கார்ட் ஈ, ஜி ஷார்ப், பி. அந்த ஷார்பைப் போட மறப்பதுதான் மைனரில் நான் அதிகம் பார்க்கும் பிழை. கார்ட் எண்களை எழுதும்போதே 5 வரும் இடத்திலெல்லாம் ஷார்பைக் குறித்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல், எஃப்-இலிருந்து ஜி ஷார்புக்கு ஒரே குரல் போவது. ஆக்மென்டட் செகண்ட். கீரவாணி பாடியவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்தக் கொயர் பாணியில் தவிர்க்கிறார்கள். எஃப் உள்ள குரலை ஈ-க்கு இறக்கிவிட்டு, ஜி ஷார்பை வேறு குரலுக்குக் கொடுங்கள்.

10. கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியவை

5-ஆம் செவன்த்: ஜி, பி, டி, எஃப். எஃப் ஈ-க்கு இறங்கும், பி சி-க்கு ஏறும். நான்கு ஸ்வரமும் வைத்து ஒழுங்காக நகர்த்தினால் அடுத்த சி கார்டில் மூன்று சி-யும் ஒரு ஈ-யும்தான் கிடைக்கும், ஜி இருக்காது. இது உங்கள் பிழை இல்லை. ரூட் நிலையில் எல்லா ஸ்வரமும் முறைப்படி நகர வேண்டுமென்றால், இரண்டில் ஒரு கார்டில் ஃபிஃப்தை விட்டே ஆக வேண்டும்.

கார்டின் ஃபிஃப்த் பேஸில் வரும் இரண்டாம் இன்வர்ஷனை, அதாவது சிக்ஸ்-ஃபோரை, நினைத்த இடத்தில் வைக்க முடியாது. கேடன்ஸில் வைத்தால் அதைத் தொடரும் 5-ஐ விட அழுத்தமான எண்ணிக்கையில் வர வேண்டும், பேஸ் ஸ்வரத்தை இரட்டிக்க வேண்டும். நம் மெட்டில் அதற்கு இடமில்லை என்பதால்தான் 2-ஐ எடுத்தோம்.

பாஸிங் நோட் (இரு ஸ்வரங்களுக்கு நடுவே கடந்துபோகும் ஸ்வரம்) போன்ற அலங்காரங்களை எலும்புக்கூடு சரியான பிறகு சேருங்கள். அவற்றைச் சேர்த்ததும் 8-ஆம் படியை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். நடுவே நுழையும் ஒரு ஸ்வரம் புதிதாக ஒரு பேரலலைக் கொண்டுவரக்கூடும்.

11. பயிற்சி எப்படி

ஒரு பாக் கோரலை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரண்டு குரலையும் காகிதத்தால் மறைத்து, சொப்ரானோவையும் பேஸையும் மட்டும் பிரதி எடுங்கள். உள்ளே நீங்கள் நிரப்புங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். வேறுபட்ட இடத்தில் உங்களுடையது தவறு என்று முடிவுகட்டாமல், அவர் ஏன் அப்படிப் போனார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த இரண்டு கார்டைத் தாண்டிப் பார்த்திருப்பார்.

இது வசப்பட்டதும் பேஸையும் மறையுங்கள். மெட்டு மட்டும் மிஞ்சும். 5-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள், கேடன்ஸ் முதலில்.